எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கும் பக்கவாதம் வருமா?

வரும். என் அண்ணனுக்கு 44 வயதில் வந்தது.

காலையில் காபி டம்ளரை எடுத்தார், கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்தவருக்கு வலது கை தூக்க வரவில்லை. "என்னண்ணே?" என்றேன். வாய் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. பதினோரு வருடமாக ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவர். வைரஸ் ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. அந்த நிம்மதியில் பி.பி.யை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. சிகரெட்டும் இருந்தது.

வைரஸ் அடங்கினாலும் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் முழுசாக ஓய்வதில்லையாம். உள்ளுக்குள் லேசான அழற்சி இருந்துகொண்டே இருக்கும். ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டு, கொழுப்பு சீக்கிரம் படியும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயும், சிபிலிஸ் என்ற பால்வினை நோயும்கூட மூளையின் ரத்தக்குழாயை அடைக்கும்.

அதற்காக எச்.ஐ.வி. மாத்திரையை (ஏ.ஆர்.டி.) நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. இடையிடையே நிறுத்தியவர்களுக்கே இதயநோயும் மரணமும் கூடுதல் என்று 2006இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வு காட்டியது.

நாங்கள் செய்த தப்பையும் சொல்கிறேன். அவசரப் பிரிவில் டாக்டர், "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். அம்மா என் கையை அழுத்தினாள். நான் "இல்லை" என்றேன். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டினை அதிக அளவில் எழுதினார்கள். அண்ணன் சாப்பிடும் இரண்டாம் கட்ட எச்.ஐ.வி. மாத்திரையில் ரிட்டோனாவிர் இருக்கிறது; அது அடோர்வாஸ்டாட்டினை ரத்தத்தில் தேங்கவைத்துத் தசையையே கெடுத்துவிடக்கூடும். மறுநாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். டாக்டர் கோபிக்கவில்லை, உடனே அளவைக் குறைத்தார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எச்.ஐ.வி. மட்டுமே அதற்குத் தடையில்லை. நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, விஷயத்தை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பயப்படாமல் சொல்லுங்கள்.

நாற்பது தாண்டியவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை பற்றிக் கேளுங்கள். இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில் அந்த வகையைச் சேர்ந்த பிட்டாவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன (2023). நீங்களாகக் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

அண்ணன் சிகரெட்டை விட்டு இரண்டு வருடமாகிறது. சட்டைப் பொத்தானை வலது கையால்தான் போடுவேன் என்று பிடிவாதம். மேல் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.