தீக்காயம் 30 சதவீதம் என்றால் சம்பாதிக்கும் திறன் இழப்பும் 30 சதவீதமா?

இல்லை. மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் 30, வெந்த தோலின் பரப்பளவு. வேலையில் நடந்த விபத்துக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவ வாரியம் போடும் சதவீதம் வேறு: காயம் ஆறிய பிறகு சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது. விரல்களோடு சேர்த்து உள்ளங்கை உடம்பில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் தழும்பு இறுகி விரல் மடங்காவிட்டால் ஸ்பேனர் பிடிக்க வராது. முதுகில் பெரிதாக வெந்தவர் அதே வேலையைச் செய்துவிடலாம். சைக்கிளில் பெயின்ட் முழுக்க உரிந்தாலும் ஓடும். செயினில் ஒரு கண்ணி அறுந்தால் நின்றுவிடும், அப்படித்தான்.

முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்தால் மட்டும் சட்ட அட்டவணையே இழப்பு 100 சதவீதம் என்கிறது. இழப்பு 40 என்றால், கூலியின் 90 சதவீதத்தில் 40 சதவீதம், அதாவது கூலியில் 36 சதவீதம், உதவித்தொகையாக வரும்.

வேலைக்குத் திரும்பினால் இது நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நிற்காது, நிற்பது, காயத்தால் வேலை செய்ய முடியாத நாட்களுக்குத் தரும் தற்காலிக ஊனத்துக்கான தொகைதான்.