ஸ்பானிஷ் வெர்ப்: வாலை மட்டும் மாத்துங்க

கேள்வி: அக்கா, பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் வேலை பாக்குறேன். பெருவுல இருக்குற கயாவோ துறைமுகத்து ஆளுங்க மெயில் அடிக்கடி வரும், அதுக்காகவே நைட்டு மொபைல் ஆப்ல ஸ்பானிஷ் படிக்கிறேன். ஒரு வெர்ப் ஆறு விதமா மாறுது, மனப்பாடம் பண்ணா ரெண்டே நாள்ல மறந்துடுது. என்ன வழி?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மொதல்ல அந்த வெர்ப் டேபிளை மூடி வைம்மா. போன்ல 'வந்துட்டு இருக்கேன்'னு சொன்னா 'யாரு வர்றது'ன்னு யாராச்சும் கேப்பாங்களா? 'நான்'னு தனியா சொல்லவே வேணாம், கடைசி 'ஏன்' சொல்லிடுது, வர்றேன் வர்ற வர்றான் வர்றோம்னு வாலை மாத்தி மாத்திதான் பொறந்ததுல இருந்து பேசுறோம், ஸ்பானிஷ்லயும் அதேதான், இங்கிலீஷ் வழியா படிக்கிறதாலதான் புதுசா தெரியுது.

அப்லார்னா பேசுறது. எழுத்துல முன்னாடி ஒரு ஹெச் நிக்கும், வாயில வராது. கடைசி 'ஆர்'ஐ வெட்டிட்டு வாலை ஒட்டு: ஆப்லோ (பேசுறேன்), ஆப்லாஸ் (பேசுற), ஆப்லா (பேசுறான், பேசுறா ரெண்டுக்கும் ஒண்ணுதான்), அப்லாமோஸ் (பேசுறோம், நாமன்னாலும் நாங்கன்னாலும்), ஆப்லான் (பேசுறாங்க). இந்த ஆப்லான்கிட்ட மட்டும் உஷாரா இரு, நம்ம காதுக்கு 'பேசுறான்' மாதிரியே விழும், எங்க க்ளாஸ்ல தமிழ்ப் புள்ளைங்க எல்லாருமே ஒரு தடவை இங்க வழுக்குறாங்க. ஸ்பெயின்ல 'நீங்கல்லாம்'னு சொல்ல அப்லாயிஸ்னு ஆறாவது ஒண்ணு உண்டு, பெருவுல அது புழக்கத்துல இல்ல, அங்க அதுக்கும் ஆப்லான்தான், அதனால உனக்கு அஞ்சு போதும்.

அடுத்து கொமேர், சாப்பிடுறது. கோமோ, கோமெஸ், கோமெ, கொமேமோஸ், கோமென். 'ஆ' இருந்த இடத்துல 'எ', அவ்ளோதான். பிவீர்னா வாழுறது, குடியிருக்கிறது, எழுத்துல 'வி'ன்னு இருந்தாலும் மொத சத்தம் 'பி' மாதிரி வரும்: பீவோ, பீவெஸ், பீவெ, பிவீமோஸ், பீவென். கொமேர்கூட வச்சுப் பாரு, 'நாம' ஒண்ணுலதான் வித்தியாசம், ஏமோஸ் போய் ஈமோஸ். ஆர், ஏர், ஈர்னு முடியுற இந்த மூணு வகையிலயும் 'நான்'க்கு 'ஓ'தான்.

தினமும் பாக்குறதையே சொல்லிப் பழகு. காசிமேட்டுல மீன் வாங்கப் போறியா, கொம்ப்ரோ பெஸ்காதோ, மீன் வாங்குறேன். மீன்காரம்மாவைப் பாத்து, பெந்தெ பெஸ்காதோ, மீன் விக்கிறாங்க. கடல்ல நீந்துற வரைக்கும் அது பெஸ், வலையில மாட்டி கூடைக்கு வந்துட்டா பெஸ்காதோ, எனக்கு இந்த மொழில ரொம்பப் பிடிச்ச சொல்லு இது. ஒவ்வொரு வாட்டியும் 'நான்'க்கு 'யோ' போடாத, அழுத்திச் சொல்லணும்னா மட்டும் போடு.

கேள்வி: 'நீங்க'ன்னு மரியாதையா பேச ஊஸ்தேத்னு ஒரு சொல்லு இருக்கே, அதுக்கு ஏன் 'அவன்' போடுற அதே ஆப்லா வருது? மரியாதைக் குறைவா தெரியுதே.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: குறைவே இல்ல தம்பி. ஊஸ்தேத் வந்தது பழைய 'புயெஸ்த்ரா மெர்ஸேத்'ல இருந்து, 'தங்கள் கருணை'ன்னு பெரிய மனுஷங்களைக் கூப்புடுற மாதிரி. அந்தக் 'கருணை' பேசுதுன்னு சொல்றப்ப வெர்ப் படர்க்கையிலதான வரும்? நம்ம தெருவுலயும் எதிர்ல நிக்கிறவரைப் பாத்தே 'அண்ணன் சாப்டாரா?'ன்னு கேக்குறோமே, அந்தக் கணக்குதான். வயசுல பெரியவங்க, ஆபீஸ் ஆளுங்கன்னா ஊஸ்தேத் ஆப்லா, உன்கூட ஃபுட்பால் ஆடுற பசங்கன்னா தூ ஆப்லாஸ்.