மேலே ஏற்றி, கீழே இறக்கி: நீரேற்று மின்நிலையம் பற்றிய கேள்விகள்

தண்ணீரை ஏற்ற 100 யூனிட் செலவழித்தால், இறக்கும்போது 75, 80 யூனிட்தான் வருகிறதாமே. நட்டம்தானே? (உடுமலை வாசகர்)

நீரேற்று நிலையம் என்பது, மிஞ்சும் மின்சாரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. யூனிட் கணக்கில் நட்டம்தான். ஆனால் ஏற்றுவது நடுப்பகல் வெயிலிலும் ஆடிக் காற்றிலும் மிஞ்சுகிற மின்சாரம். இறக்குவது, ஊரே விளக்குப் போடும் மாலை 6 மணிக்கு மேல். அந்த 75 யூனிட்டுக்கு அப்போது மதிப்பு அதிகம்.

எங்கள் ஊரில் குன்று இருக்கிறது, அடிவாரத்தில் ஏரியும் இருக்கிறது. எத்தனை மெகாவாட் கிடைக்கும்? (ஊர் எழுதாத வாசகர்)

குன்றின் உயரம் எழுதவில்லை. கோடையில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றும் எழுதவில்லை. இரண்டும் இல்லாமல் கணக்குப் போட முடியாது என்று எத்தனை முறை சொல்வது? 400 மீட்டர் இறங்கினால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 1 யூனிட். 50 மீட்டர்தான் என்றால் அதே 1 யூனிட்டுக்கு 8,000 லிட்டர் வேண்டும். அப்புறம், மெகாவாட் மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். 500 மெகாவாட் 2 மணி ஓடினால் 10 லட்சம் யூனிட், 6 மணி ஓடினால் 30 லட்சம்.

காடம்பாறையால் ஆழியாற்றுப் பாசனத் தண்ணீர் குறைகிறதா? (ஆனைமலை விவசாயி)

இல்லை. காடம்பாறை நீரேற்று நிலையத்துக்கு மேல் ஆழியாறு அணையிலிருந்து ஏறும் தண்ணீர், அந்த அணைக்கே திரும்புகிறது. புதுத் திட்டம் வந்தால், அணையை முதன்முதலாக நிரப்பும் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்: எந்த ஆற்றிலிருந்து, எந்த மாதத்தில்?

குந்தா நீரேற்றுத் திட்டத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? நீலகிரி வளருமா? (மஞ்சூர் வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பொறுமை போகிறது. கோபம் உங்கள் மேல் இல்லை. தண்ணீர் போக மலையில் சுரங்கம் குடையும் காலத்தில் நிறைய ஆள் வேண்டும். ஆனால் பாறையில் வெடிவைப்பது தேர்ந்த கைகள் செய்யும் வேலை, ஒப்பந்தக்காரர் அவர்களை வெளியிலிருந்தே கூட்டிவருவார். நிலையம் ஓடத் தொடங்கினால் ஷிப்டுக்குச் சில பேர் போதும். அந்தச் சில இடங்களாவது உள்ளூருக்கு வேண்டுமென்றால், சுரங்கம் முடிவதற்குள் பிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும். திறப்பு விழா அன்று மனு கொடுத்துப் பயனில்லை.

இன்னொன்று. 2008 நீர்மின் கொள்கை, திட்டத்தின் மின்சாரத்தில் 1 சதவீதத்தை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கு ஒதுக்கச் சொன்னது. 2023-ல் ஒன்றிய மின்துறை வெளியிட்ட வழிகாட்டி, நீரேற்றுத் திட்டங்களுக்கு அந்த நிதி வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டது. பாதிப்பு குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். குந்தாவில் மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு, எல்லாம் ஏற்கெனவே இருக்கும் அணைகள். ஊர் மூழ்கவில்லை, உண்மைதான். ஆனால் வெடியில் அதிரும் சுவரும் லாரியில் குழியாகும் ரோடும் பாதிப்பில் சேராதா? தோண்டிய கல்லையும் மண்ணையும் எந்தச் சரிவில் கொட்டுகிறார்கள்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை மஞ்சூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மழையில் கொட்டிய மண் சரியாமல் நிற்குமா? வழிகாட்டி விலக்கு கொடுத்தாலும் ரோடு, ஆஸ்பத்திரி, பயிற்சி மூன்றையும் கிராமசபையில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

பேட்டரி விலை இறங்குகிறதே, இனி மலையைக் குடைய வேண்டுமா? (கோவை மாணவி)

2 மணி நேரத் தேவைக்கு பேட்டரியே போதும், சீக்கிரம் நிறுவலாம். 6, 8 மணி நேரத்துக்கு மலைதான். பேட்டரியைச் சில வருடங்கள் ஓடியதும் மாற்ற வேண்டிவரும். மலை நிலையம் பல பத்தாண்டு உழைக்கும்: காடம்பாறையின் முதல் எந்திரம் ஓடத் தொடங்கியது 1987-ல். இங்கேயும் அதேதான்: மெகாவாட்டோடு மணியையும் சேர்த்துக் கேளுங்கள்.