மறு: ‘பெஞ்ச்’ என்பதை எங்கும் ‘அமர்வு’ என்று எழுதலாமா?

வணக்கம். ‘மதுரை பெஞ்ச்’, ‘டிவிஷன் பெஞ்ச்’ இரண்டையும் ‘அமர்வு’ என்றே எழுதியதால் உங்கள் தீர்ப்புச் சுருக்கம் குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது இடத்தைச் சுட்டுவது. 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட அது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்றே வழங்குவதால், அங்கே ‘கிளை’ என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது, ஒரு வழக்கை விசாரிக்கச் சேர்ந்து அமரும் நீதிபதிகளைக் குறிப்பதால், ‘இரு நீதிபதிகள் அமர்வு’ என எண்ணிக்கையோடு எழுதுங்கள். அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே பிற அமர்வுகளைக் கட்டுப்படுத்தும் வலிமை தீர்ப்புக்குக் கிடைக்கிறது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பை அதைவிடச் சிறிய அமர்வு எதுவும் மாற்ற இயலாததற்குக் காரணம் அதுவே. நாடாளுமன்றச் செய்திகளில் வரும் ‘டிரஷரி பெஞ்ச்’ ஆளுங்கட்சி வரிசையைக் குறிக்கும். அதைக் கருவூலத்தோடு சேர்த்துவிடாதீர்கள் (நானும் ஒருமுறை சேர்த்தவன்தான்).