வங்கிக் கடனோடு வந்த தீக் காப்புறுதி வெள்ளத்துக்குப் பணம் தருமா?

தானாகத் தராது. கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில் வீடு, வங்கி எடுத்துத் தந்த தீக் காப்புறுதி இருக்கு, தண்ணீர் புகுந்தால் அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி நெருப்புக்கும் மின்னலுக்கும்தான். புயல், வெள்ளம் எல்லாம் மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்க்கிற பிரிவுகள். மாதத் தவணையோடு சேர்த்துக் காசு கழிகிறதால் எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்கு என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் வங்கி முதலில் பார்ப்பது தன் கடனைத்தான்.

கடன் பிரிவில் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி கேளுங்கள், முகவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அதன் அட்டவணையில் மூன்று விஷயம்: வெள்ளம் என்று எழுதியிருக்கா, கட்டடம் மட்டுமா வீட்டுச் சாமான்களுமா (பெரும்பாலும் கட்டடம் மட்டும்தான், ஃபிரிட்ஜும் மெத்தையும் உங்கள் தலையில்), அப்புறம் காப்புறுதித் தொகை எவ்வளவு.

இந்தத் தொகையில்தான் பலர் மாட்டுகிறார்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 2 கோடி ஆகும், நீங்கள் போட்டிருப்பது கடன் அளவுக்கு 1 கோடி என்றால், பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று 10 இலட்சம் சேதத்துக்கும் பாதி, 5 இலட்சம்தான் கணக்காகும், அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கைக் கழிப்பார்கள். காணி விலையை இதில் சேர்க்காதீர்கள், காணியை வெள்ளம் கொண்டுபோகாது.

இன்னொன்று, நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டம் ஏறுகிறது என்று செய்தி வந்த பிறகு ஓடினால் வெள்ளப் பிரிவைச் சேர்க்க மாட்டார்கள். 2016 மே மாதம் உங்கள் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியது ஊருக்கே தெரியும், அதனால் விண்ணப்பத்தில் முந்தைய வெள்ளத்தை மறைக்கவும் வேண்டாம், மறைத்ததைக் காட்டியே பிறகு பணம் தர மறுப்பார்கள்.