12 வோல்ட் பேட்டரியத் தொட்டா ஒண்ணும் ஆகல, பிளாஸ்டிக் சேர் மட்டும் ஏன் ஷாக் அடிக்குது?

வோல்டேஜ்னா மொத்த எனர்ஜி இல்ல, ஒரு கூலம் (சார்ஜ அளக்குற யூனிட்) சார்ஜுக்கு எவ்ளோ எனர்ஜிங்கிற கணக்கு. 1 வோல்ட்னா கூலமுக்கு 1 ஜூல் (எனர்ஜிய அளக்குற யூனிட்), அவ்ளோதான்.

பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் ஒண்ணையொண்ணு இழுக்கும்ல, அதப் பிரிச்சு வைக்க வேலை செய்யணும், அந்த வேலைதான் சேமிச்ச எனர்ஜியா உள்ள உக்காந்திருக்கு, திரும்பச் சேர வழி கிடைச்சா வெளிய வரும்.

மாடி டேங்க்க நினைச்சுக்கோங்க. டேங்க் இருக்குற உயரம்தான் வோல்டேஜ், தண்ணி அளவு சார்ஜ். பத்தாவது மாடில ஒரு டம்ளர் தண்ணி வச்சா உயரம் ஜாஸ்திதான், ஆனா கொட்டினா என்ன ஆகப்போகுது? பிளாஸ்டிக் சேர்ல தேய்ச்சு எந்திரிச்சு கதவத் தொட்டா சுரீர்னு அடிக்குதே, அது ஆயிரக்கணக்கான வோல்ட், எனர்ஜி பாத்தா சில மில்லிஜூல்தான். கார் பேட்டரி வெறும் 12 வோல்ட், அதுல இருக்குற சார்ஜ் 40 ஆம்பியர்-அவர்னா (ஒரு ஆம்பியர்-அவர்னா 3600 கூலம்) எனர்ஜி 40 × 3600 × 12, கிட்டத்தட்ட 17 லட்சம் ஜூல்! காஞ்ச தோல் வழியா கரண்ட்டத் தள்ள 12 வோல்ட் பத்தாது, அதான் ஷாக் தெரியல. ஆனா ஸ்பேனர் ரெண்டு முனையிலயும் பட்டுச்சுன்னா தீப்பொறி பறக்கும், விளையாடாதீங்க.

அப்புறம் "வயர்ல 230 வோல்ட் ஓடுது"ன்னு சொல்றோமே, ஓடுறது கரண்ட்டுதான், வோல்டேஜ் ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்குற வித்தியாசம், அதனாலதான் ஒரே கம்பில ரெண்டு காலையும் வச்சு காக்கா ஜாலியா உக்காந்திருக்கு.