தானத்துக்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோகலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். கீழ்வீட்டுச் சிங்கள அன்ரியின் கணவர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பிக்குமாருக்குத் தானம் கொடுக்கிறார்கள், எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் சைவ சமயம். ஒரு கறி சமைத்துக் கொடுக்கலாமா? காசு கொடுக்க வேண்டுமா? "பிக்குமார் ஏன் தாங்களே சமைத்துச் சாப்பிடக் கூடாது?" என்று என் மகன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். அன்ரியிடம் முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பருப்புக் கறி மூன்று சட்டி வந்து நிற்கும். சைவம் என்பதில் ஒரு சிக்கலும் இல்லை. நம் வீட்டுப் படையலைப் போலவே, உப்புப் பார்க்காமல்தான் இதற்கும் சமைப்பார்கள்.

நேரம்தான் முக்கியம். நண்பகல் தாண்டினால் பிக்குமார் உணவு உண்ண மாட்டார்கள். அதனால் பெரும்பாலும் 11 மணியளவில் பரிமாறத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கறியிலும் கொஞ்சம் எடுத்துப் புத்த பூஜைக்கு வைப்பார்கள். ஆகவே உங்கள் கறி காலை 9 மணிக்கே கீழே போய்விட வேண்டும்.

பிக்குமார் வந்ததும் வாசலில் வீட்டார் ஒருவர் அவர்களின் கால் கழுவுவார், இன்னொருவர் துடைத்துவிடுவார். உள்ளே சுவரோரம் வெள்ளை விரிப்புப் போட்ட இருக்கைகளில் வரிசையாக அமர்வார்கள். பரிமாறச் சொன்னால் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பிக்குவின் மேல் கை படாமல் கொடுங்கள். பிக்கு பாத்திரத்தைத் தொட்டால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அப்புறம் அதை நீங்கள் எடுத்து நகர்த்தினால் மறுபடியும் கொடுத்தாக வேண்டும். ஒரு தானத்தில், மேசையில் இடம் போதவில்லையென்று ஒரு பையன் பழத்தட்டைத் தூக்கித் தள்ளி வைத்தான். வயதான பிக்கு சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். பையனுக்கு விளங்கிவிட்டது. தட்டை எடுத்து மீண்டும் அவர் கையில் கொடுத்தான்.

உங்கள் மகனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிக்குமாரின் ஒழுக்க விதியான விநயத்தின்படி அவர்கள் தமக்கென்று சமைக்கக் கூடாது. இன்று ஏற்ற உணவை நாளைக்கு வைத்துச் சாப்பிடக் கூடாது. மரத்தடியில் மாம்பழம் விழுந்து கிடந்தாலும், ஒருவர் எடுத்துக் கொடுக்காமல் உண்ணக் கூடாது. தண்ணீருக்கும் பல்குச்சிக்கும் மட்டும் விலக்கு உண்டு. காட்டில் தனியே தியானம் செய்கிறவரும் மறுநாள் காலை ஊருக்குள் வந்தே தீர வேண்டும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறவி ஊரை மறந்து போய்விடக் கூடாது, ஊரும் துறவியை விட்டுவிடக் கூடாது என்று தெரிந்தே போட்ட முடிச்சு இது.

திரும்ப என்ன கிடைக்கிறது? சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தில் துறவியின் கடமைகள் ஆறு வருகின்றன: தீமையிலிருந்து தடுப்பது, நன்மையில் நிறுத்துவது, அன்போடு இருப்பது, கேள்விப்படாததைச் சொல்லித் தருவது, கேள்விப்பட்டதைத் தெளிவாக்குவது, நல்ல கதிக்கு வழி காட்டுவது. நடைமுறையில் பாருங்கள். அன்ரியின் கணவர் இறந்தபோது வீட்டார் கொடுத்த வெள்ளைத் துணியை ஏற்றுக்கொண்டு ஓதியவர்கள் பன்சலையின், அதாவது விகாரையின், பிக்குமார்தான். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு நடப்பதும் பன்சலையில்தான்.

ஏற்றுக்கொள்வதும் ஒரு கொடை. அதை மறுக்கவும் அவர்களால் முடியும். 2007இல் மியன்மாரில் பிக்குமார் இராணுவ ஆட்சியாளர்களிடமிருந்து பிச்சை ஏற்க மாட்டோம் என்று பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குப் புண்ணியம் தேட வழி அடைபட்டது. நம்பிக்கையுள்ள ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

காசு விஷயம்: கையில் கொடுக்க வேண்டாம், பொன்னும் பணமும் ஏற்பது விநயத்தில் விலக்கு. கொடுக்க விருப்பமென்றால் பன்சலைக்கு உதவும் ஊரார் குழுவான தாயக சபையிடம் கொடுங்கள். பொருளாகக் கொடுப்பது இன்னும் நல்லது. 'அட்ட பிரிக்கர' என்று எட்டுப் பொருள் உண்டு: மூன்று காவித் துணிகள், பாத்திரம், இடுப்புப் பட்டி, சவரக் கத்தி, ஊசி, தண்ணீர் வடிகட்டி. அதை வீட்டாரே கொடுப்பார்கள். நீங்கள் நல்ல துவாய் ஒன்று, சவர்க்காரம், பற்பசை, முடிந்தால் ஒரு குடை கொடுங்கள். கடையில் கட்டி வைத்திருக்கும் பொதியை வாங்குவதானால் உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பலவற்றில் துவாய் கைக்குட்டை அளவுதான் இருக்கும்.

உணவு முடிந்ததும் ஒரு சிறு கோப்பையைத் தட்டில் வைத்து, கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். கோப்பை நிரம்பித் தட்டில் வழியும்வரை ஊற்றுவார்கள். ஆறுகள் கடலை நிரப்புவது போல இங்கே கொடுத்தது இறந்தவரைப் போய்ச் சேரட்டும் என்று பிக்குமார் பாளியில் ஓதுவார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டார் எல்லோரும் அந்தக் கெண்டியைச் சேர்ந்து பிடிப்பார்கள். அன்ரி உங்களையும் கூப்பிட்டால் தயங்காமல் போய் ஒரு கை வையுங்கள். வெள்ளை உடுத்திப் போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.